கரிசல் மண்ணுக்கு எந்த வண்டி?

"அத்தை, நீங்களே சொல்லுங்க. ஸ்கூட்டர் வாங்கட்டுமா, மொபெட் வாங்கட்டுமா?"

போன கார்த்திகையில் என் நாத்தனார் மகள் போனில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாம்பழக் கலர் புடவையா, மயில் கழுத்துக் கலரா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன். வண்டி சமாசாரத்துக்கு என்னைப் போய்க் கேட்கிறாளே! ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நேத்து பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கிட்டுப் போனேன். பாப்பாவோட சேத்துல விழுந்துட்டேன், அத்தை. சேறா இருந்ததால அடி இல்லை. அதே தார் ரோடா இருந்தா...?"

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் அரியலூர் பக்கம் ஒரு கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இவள் அரியலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். மூன்றரை வயதுக் குழந்தை அங்கேயே எல்.கே.ஜி. வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை 3 கிலோமீட்டர் கரிசல் மண் பாதை. அதற்குப் பிறகு 12 கிலோமீட்டர் தார் ரோடு. சீட்டு எடுத்த பணம் ஒரு வண்டிக்குத்தான் காணும். ஸ்கூட்டர்தான் கௌரவம் என்கிறார் கணவர். "நம்ம காட்டுப் பாதைக்கு மொபெட்தான்" என்கிறார் மாமனார். நடுவில் அவள்.

எங்கள் வீட்டில் இரண்டுமே உண்டு. என் கணவர் வயலுக்குப் போக டி.வி.எஸ். எக்ஸெல் வைத்திருக்கிறார். நான் ஓட்டுவது ஸ்கூட்டர். "இரும்மா, நாங்களே வர்றோம். ரெண்டையும் உன் பாதையில ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று என்னவர் முணுமுணுத்தார். என் அம்மா புதுக்கோட்டைக்காரி. 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அதில் அவளும் ஒருத்தி. அந்த ரத்தம் எனக்குள் ஓடும்போது நான் பயப்படுவேனா?

பெரம்பலூரிலிருந்து புறப்பட்டோம்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குத் துறைமங்கலத்தைத் தாண்டும்போது வானம் மூடிக் கிடந்தது. ராத்திரி பெய்த மழையில் ரோடு கழுவி விட்டாற்போல இருந்தது. பேரளி, சித்தளி என்று ஊர்கள் பின்னால் போகப் போக இரண்டு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி, இடையிடையே சின்ன வெங்காயம். நம் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் போட்டு வைத்த சாம்பாருக்குத் தனி மணம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக்கு முந்திய மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகவே படுத்திருக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். குழந்தைகளுக்கு லீவு விட்டால் ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டுங்கள். அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள். ஆலை இருந்தால் லாரி இருக்கும். இங்கேதான் நம் வண்டிக் கதை ஆரம்பமாகிறது.

தார் ரோட்டில் நான் ஸ்கூட்டரில் முன்னால், என்னவர் மொபெட்டில் பின்னால். எதிரே ஒரு லாரி வேகமாகக் கடந்தது. அந்தக் காற்றில் என் வண்டி லேசாகத்தான் அசைந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் மொபெட் ஒரு முழம் ஓரமாகத் தள்ளிப் போய்விட்டது. ஸ்கூட்டர் கனமான வண்டி, டயரும் அகலம், அதனால் தார் ரோட்டில் நின்று போகிறது. முன்னால் தடுப்பு இருப்பதால் புடவையில் சேறு தெறிக்கவில்லை. சாப்பாட்டுக் கூடையும் மழைக்கோட்டும் சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. முந்த வேண்டிய இடத்தில் சட்டென்று வேகம் எடுக்கிறது. மெயின் ரோட்டில் ஸ்கூட்டருக்குத்தான் முழு மார்க்!

"பாத்தீங்களா?" என்றேன் பெருமையாக.

"மண் ரோடு வரட்டும்" என்றார் அவர்.

கரிசல் காட்டிய வேடிக்கை

வந்தது மண் ரோடு. கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியாததா? கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடும். அந்த மண்ணில் இருக்கும் ஒருவகைக் களிதான் காரணம். பருத்திக்கும் சோளத்துக்கும் அது வரப்பிரசாதம். சக்கரத்துக்கு அதுவே எமன்.

இருநூறு அடி போயிருக்க மாட்டேன். முன்சக்கரத்தில் மண் அப்பி அப்பி மட்கார்டுக்கு நடுவே இட்லி மாவு மாதிரி நிரம்பிவிட்டது. சக்கரம் சுற்ற மறுத்து வழுக்க ஆரம்பித்தது. பயத்தில் பிரேக்கைப் பிடித்தேன், அதுதான் நான் செய்த தப்பு. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்து தூக்கப் பார்த்தால் நூறு கிலோவுக்கு மேல் கனம், அசைவேனா என்றது.

களை வெட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி வரப்பிலிருந்து இறங்கி வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு கருவேலங் குச்சியை ஒடித்து மட்கார்டுக்குள் விட்டு மண்ணை நோண்டி எடுத்தார். பிறகு சொன்னார்: "இது தார் ரோட்டு வண்டி தாயி. சின்னச் சக்கரம். பள்ளத்துல விழுந்தா ஏறாது."

எவ்வளவு சரியான வார்த்தை! ஸ்கூட்டருக்குச் சக்கரம் 10 அங்குலம் அல்லது 12 அங்குலம். எக்ஸெல்லுக்கு 16 அங்குலம். சக்கரம் பெரிதாக இருந்தால் குழியின் மேல் உருண்டு போகும், சிறிதாக இருந்தால் குழிக்குள் இறங்கிவிடும். அவ்வளவுதான் கணக்கு.

அங்கிருந்து நான் மொபெட்டை வாங்கிக்கொண்டேன். அதிலும் மண் அப்பத்தான் செய்தது. மொபெட்டென்றால் கரிசல் பயந்து விலகிவிடும் என்று நினைக்காதீர்கள்! ஆனால் வண்டி லேசு. இரண்டு காலையும் தரையில் ஊன்றி மெள்ள மெள்ள நகர்த்தலாம். சிக்கினால் ஒரு பெண் பிள்ளை தனியாக இறங்கித் தள்ளிவிடலாம். பாதை ஓரத்துப் புல் மேலேயே ஓட்டிக்கொண்டு போனேன், இரண்டு தடவைதான் குச்சி தேவைப்பட்டது. முன்பக்கத் திட்டில் ஒரு மூட்டை அரிசியே வைக்கலாம். கீழே விழுந்தாலும் உடைவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. என் ஸ்கூட்டரின் பக்கத்துத் தகடு விரிசல் விட்டுவிட்டது. அதை மாற்ற ஆன செலவைச் சொன்னால் வயிறு எரியும்.

1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து நம் கிராமத்து மனிதர்கள் ஏன் இந்த ஜாதி வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டும் வேண்டாத இடம்

பாதை நடுவே ஓர் ஓடை. மேலே தரைப்பாலம். நாங்கள் போனபோது கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. "இன்னும் ஒரு மழை பெய்தா இடுப்பளவு வரும், அத்தை. அப்பவும் சில பேரு வண்டியோட இறங்கிடுவாங்க" என்றாள் அவள்.

எனக்குப் பகீரென்றது. இந்தச் சீமையில் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை மருதையாற்று வெள்ளம் அரியலூருக்குப் பக்கத்தில் ரயில் பாலத்தையே அரித்துவிட்டது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அப்போதைய ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். ரயிலுக்கே அந்தக் கதி என்றால் மொபெட் எந்த மூலைக்கு? தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் எந்த வண்டியும் வேண்டாம். திரும்பி வீட்டுக்குப் போய் லீவு சொல்லிவிட வேண்டியதுதான்.

பனி நாட்டிலும் இதே வழக்கு

இந்த வண்டிச் சண்டை நம் ஊரில் மட்டுமில்லை. கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் சொன்னேன், அவன் சிரித்தான். அங்கே பனி பெய்து ரோடு மூடினால் ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் அகலமான பெல்ட். இன்னொன்று ஸ்னோபைக். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி ஒற்றைச் சறுக்குப் பலகையும் பின்னால் குறுகலான பெல்ட்டும் பூட்டியது. திறந்த வெளியில் ஆளையும் சுமையையும் ஏற்றிப் போகவும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் முதலாவது சௌகரியம். மரங்களுக்கு நடுவே இடுக்கில் வளைந்து போக இரண்டாவது. நம் ஸ்கூட்டர், மொபெட் கதையேதான்!

அந்த ஸ்னோமொபைல் பிறந்த கதை ஒரு தாயின் மனசைப் பிசைந்துவிடும். கனடாவின் கியூபெக் பகுதியில் ஜோசப் ஆர்மண்ட் பம்பார்டியர் என்று ஒரு மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடுமையான நோய். ரோடெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துவிட்டது. அவர் விடாமல் உழைத்துப் பனியில் ஓடும் வண்டிகளைச் செய்தார். 1959-ல் அவர் கொண்டு வந்த 'ஸ்கி டூ'தான் உலகமெல்லாம் பரவிய சின்ன ஸ்னோமொபைல். வண்டி என்பது பகட்டுக்கு இல்லை, ஓர் உயிரை நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கு என்பதை இதைவிட எப்படிச் சொல்ல?

முடிவு என்ன?

அன்று சாயந்திரம் அவள் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து கூடியது. சுடச்சுடக் கம்பு அடை. மண் பாதைக்கு மொபெட், தார் ரோட்டுக்கு ஸ்கூட்டர். அப்படியென்றால் இரண்டில் எது?

"நீ எதுக்குப் பயப்படறே?" என்று கேட்டேன்.

"லாரிக்குத்தான் அத்தை. சேத்துல விழுந்தா எழுந்துக்கலாம்."

பதில் அவளிடமே இருந்தது. மொபெட் வாங்கு. 3 கிலோமீட்டர் மண் பாதையை அதில் கடந்து, மெயின் ரோட்டில் தெரிந்த டீக்கடை ஓரம் நிறுத்திப் பூட்டு. அங்கிருந்து டவுன் பஸ். 2021 மே மாதம் வந்த ஏற்பாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. மழைக் காலத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போகும் வேலையே வேண்டாம். அரை மணி முன்னால் கிளம்ப வேண்டும், அதுதான் கஷ்டம். "விடியக்காலம் எழுந்து பழகினவதானே" என்றார் அவள் மாமியார். மாமனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சிங்கப்பூர்க்காரர் மட்டும் போனில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், பிறகு சரியாகிவிட்டார்.

தார் ரோடே வீட்டு வாசல் வரை வருகிற சகோதரிகள் தாராளமாக ஸ்கூட்டர் வாங்கலாம். வாங்கும் முன் நல்ல மழை நாளில் உங்கள் பாதையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வெயில் நாளில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்!

அனுபவத்தில் கற்ற சில குறிப்புகள்:

* குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஓட்டாதீர்கள். தூங்கி விழும், இல்லையென்றால் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிடும். 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தைக்குச் சின்ன ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு இணைக்கும் பெல்ட்டும் கட்டாயம். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம்.

* ஈர மண்ணில் பிரேக்கைச் சடக்கென்று பிடிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, கால் ஊன்றி நிறுத்துங்கள்.

* தை மாதம் ரோட்டில் மக்காச்சோளம் காயப் போட்டிருப்பார்கள். அந்த மணிகள் மேல் ஏறினால் சக்கரம் உருண்டு வழுக்கிவிடும். நின்று சுற்றிப் போங்கள்.

* புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகுங்கள். பின்சக்கரத்துப் புடவைத் தடுப்பை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

* மொபெட்டின் செயினில் மண் உலரும் முன் கழுவி, எண்ணெய் விடுங்கள்.

* 18 வயதாகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 16 வயதுக்கு அனுமதி 50 சி.சி.க்குள் உள்ள கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. இன்றைய எக்ஸெல்லும் ஸ்கூட்டரும் அதற்கு மேலே.

மார்கழி பிறந்து நாலாம் நாள் புது மொபெட் வந்தது. சந்தனம், குங்குமம் வைத்துச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்களாம். ஹேண்டில் பாரில் ஒரு கருவேலங் குச்சியைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறாள். "இது எதுக்கும்மா?" என்று குழந்தை கேட்டாளாம்.

"பாட்டி கொடுத்த சாமான்டி செல்லம். இது இல்லாம நாம கிளம்பக் கூடாது" என்றாளாம் இவள்.