சோலன் மலையில் ஒரு மாலை

சென்ற ஐப்பசித் திங்களில், நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கும் அறிமுகமான கார்டு மாமா அவர்களுடன் நாங்கள் சோலனுக்குச் சென்று வந்தோம். நாங்கள் என்றால் இதனை எழுதுபவனும் அவன் இல்லாளும். மாமா வடநாட்டுக்கு வந்து 42 ஆண்டுகள் ஆயின. அவற்றுள் பாதிக்கு மேல் கால்கா–சிம்லா மலைப்பாதையில் கார்டாகப் பணிபுரிந்து கழித்தவர். மாமியார் காலமானபின் அம்பாலாவில் தனியே இருந்தார். இனித் திருச்சிக்கே திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று. "மகள் அழைக்கிறாள், முழங்கால் விரட்டுகிறது" என்பார். புறப்படுமுன் அந்தப் பாதையில் ஒருமுறை பயணியாக உட்கார்ந்து போகவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் பையில் வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு கியூபா நாட்டுச் சுருட்டுகள் இருந்தன என்பது கால்காவைத் தாண்டிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

சுருட்டையும் மதுவையும் பற்றிக் குடும்பத்தார் படிக்கும் ஏட்டில் எழுதலாமா என்று நேயர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. இவ்விரண்டையும் நல்லவை என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் தந்தையாரை 57-ஆம் வயதில் நெஞ்சுநோய் கொண்டு போயிற்று. மருத்துவர் சுருட்டின் மேல்தான் பழி சொன்னார். அதனாலேயே வீட்டில் சுருட்டு வாசனையே ஆகாது என்றிருந்த நாங்கள், ஒரு மாலை முழுவதும் அந்தப் புகையின் அருகில் அமர நேர்ந்ததைத்தான் எழுதுகிறோம்.

கால்காவிலிருந்து சிம்லா வரை 96 கிலோமீட்டர். தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடிதான். 1903-ஆம் ஆண்டு போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இப்பாதையை 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றனர். இதெல்லாம் அலுவலகத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் மாமாவின் அருகில் உட்கார்ந்து போவது வேறு. எந்த வளைவில் சக்கரம் எப்படிக் கிறீச்சிடும் என்று முன்கூட்டியே சொல்வார், சொன்னபடியே கிறீச்சிடும். பரோக் குகை 1,143 மீட்டர் நீளம். அதற்குள் நுழைந்ததும் வண்டியிலுள்ள பிள்ளைகள் யாவரும் கூச்சலிட்டனர். மாமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். வெளிச்சம் வந்ததும், "இந்த இருட்டில்தான் எத்தனை முறை ஊர் நினைவு வந்திருக்கிறது!" என்றார்.

அங்கேயே ஒரு சுருட்டைப் பற்றவைத்துவிடுவாரோ என்று எங்களுக்கு அச்சம். ஆனால் வண்டியில் புகைப்பது குற்றம் என்பதைத் தம் பணிக்காலத்தில் ஆயிரம் பேருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். 2008 அக்டோபர் 2 முதல் நாட்டில் பொது இடம் எதிலுமே கூடாது என்றாயிற்று. ஆகவே துணிப்பொட்டலம் பைக்குள்ளேயே கிடந்தது.

சோலன் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள ஊர். அங்கே ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவர், மாமாவின் பழைய தோழர், தம் வீட்டில் தங்க இடமளித்தார். காளானுக்குப் பெயர்போன ஊராதலால் கடைத்தெருவில் கூடை கூடையாகக் காளான் இருந்தது. எங்கள் இல்லாள் வாங்கிய காளான் ஊர் வந்து சேருமுன்பே கறுத்துப் போயிற்று.

பிற்பகலில் சிம்லா சாலையில் பேருந்தேறிச் சென்று, பழைய மது ஆலையின் கட்டடங்களை வெளியிலிருந்தே பார்த்தோம். ஆலையின் பெயரையே தாங்கிய சிறு நிலையம் ஒன்று மலைப்பாதையில் உண்டு. 1850-களில் எட்வர்டு டயர் என்னும் ஆங்கிலேயர் இம்மலைத்தொடரில் கசௌலியில் மது காய்ச்சத் தொடங்கினார். குளிர்ந்த ஊற்று நீர், ஸ்காட்லாந்தை நினைவூட்டும் தட்பவெப்பம், சுற்றிலும் தாகமுள்ள வெள்ளைச் சிப்பாய்கள், வேறென்ன வேண்டும்? 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் மக்களைச் சுடச்சொன்ன டயர் இவருடைய மகனே. 1949-ல் நரேந்திரநாத் மோகன் என்பவர் கைக்கு அந்நிறுவனம் வந்து சேர்ந்தது. மாமா அந்த ஆலை வழியே பல்லாயிரம் முறை வண்டியில் போயிருக்கிறார். ஒருநாளும் இறங்கியதில்லை. "பச்சைக்கொடியைக் கையில் பிடித்தவன் அங்கே இறங்கினால் வண்டி எப்படிப் போகும்?" என்று சிரித்தார். திரும்புகையில், ஊரின் பெயர் பொறித்த சோலன் விஸ்கி சிறிய புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

மாலை வந்தது. வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் மூன்று பிரம்பு நாற்காலிகள், ஒரு கயிற்றுக் கட்டில். கீழே பள்ளத்தாக்கில் பைன் மரங்கள் கருத்துக்கொண்டு வந்தன. வீட்டுக்காரர் புகையும் மதுவும் தொடாதவர். அவருக்கும் எங்கள் இல்லாளுக்கும் இஞ்சித் தேநீரும் வெங்காயப் பக்கோடாவும். மாமா பொட்டலத்தை அவிழ்த்தார். தமக்கை மகன் கப்பலில் வேலை பார்ப்பவன். ஹவானாத் துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கி வந்து தந்தானாம். ஒன்பது ஆண்டுகளாக அவற்றை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். "எதற்கு மாமா இத்தனை நாள்?" என்றோம். "ஓய்வு பெறும் அன்று என்று வைத்தேன். அன்று மனைவி படுக்கையில் இருந்தாள். பிறகு மகள் திருமணத்தன்று என்று வைத்தேன். அன்று வீடு நிறையச் சம்பந்திகள்" என்றார்.

கியூபாவைப் பற்றி அவர் சொன்ன செய்திகள் சுவையானவை. அந்நாட்டின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ என்னும் மாநிலத்தில் வுவெல்டா அபாஹோ என்ற பகுதியின் புகையிலைதான் தலைசிறந்தது. உள்ளே நிரப்ப ஓர் இலை, அதைக் கட்ட ஓர் இலை, மேலே போர்த்த நரம்பில்லாத மெல்லிய இலை. மூன்றையும் கையாலேயே சுருட்டுகிறார்கள். நாள்முழுதும் குனிந்து சுருட்டும் தொழிலாளருக்கு அலுப்புத் தட்டாதிருக்க, ஒருவர் உயரமான இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் கதைப்புத்தகமும் உரக்கப் படிப்பாராம். 1865-ல் ஹவானாவில் தொடங்கிய வழக்கம் இது. படிப்பவருக்குக் கூலியை அந்நாளில் தொழிலாளரே தம் சம்பளத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். அப்படிப் படிக்கப்பட்ட டூமாவின் நாவல் ஒன்று அவர்கள் மனத்தைக் கொள்ளைகொண்டதால், அதன் பெயரையே 1935-ல் ஒரு சுருட்டுக்கு வைத்தார்கள் என்பர்: மாண்ட்டி கிறிஸ்டோ. எங்கள் இல்லாள் அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், "வேலை நேரத்தில் கதை படித்துக் காட்டுவார்களா? எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு யார் படித்தார்கள்!" என்று பேச்சில் கலந்துகொண்டாள்.

மாமா சுருட்டைக் காதருகே வைத்து இரு விரலால் மெல்ல அழுத்தினார். சலசலவென்றது. இன்னும் சற்று அழுத்தினார். மேல் இலை நீளவாக்கில் வெடித்தது. "வற்றலாகிவிட்டது" என்றாள் எங்கள் இல்லாள். மிளகாய் வற்றலைத் தினமும் கையாளுபவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கடற்காற்றின் ஈரத்தில் பிறந்த பொருள் அது. காற்றில் நூற்றுக்கு எழுபது அளவு ஈரம் இருந்தால்தான் பதம் கெடாது. அம்பாலாவின் சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் ஒன்பது கோடை கிடந்தால் வேறென்ன ஆகும்?

ஆயினும் மாமா முறை தவறவில்லை. தீக்குச்சியின் கந்தகம் எரிந்து முடியும்வரை பொறுத்து, சுருட்டின் நுனியை நெருப்பில் படாமல் காட்டிச் சுழற்றிப் பற்றவைத்தார். புகையை உள்ளே இழுக்கக் கூடாது. வாயில் நிறுத்திச் சுவைத்து விட்டுவிட வேண்டும். பிறகு ஒரு வாய் விஸ்கி, சம அளவு தண்ணீர் சேர்த்து. புகை நாவை உலர்த்தும், விஸ்கியின் மெல்லிய இனிப்பு அதை நனைக்கும், மறுபடி புகை இனிக்கும் என்பது கணக்கு. அன்று கணக்குப் பலிக்கவில்லை. உலர்ந்த சுருட்டு வைக்கோற்போர் போல் எரிந்து, சூடும் காரமுமாய் நாவைச் சுட்டது. அரைப்பங்கு எரியுமுன் மாமா அதைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

சற்று நேரம் கழித்து, சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்தார். சாதாரணத் திருச்சிச் சுருட்டு. உறையூரிலிருந்து யாரோ கொண்டு வந்து கொடுத்தது. இருமுனையும் வெட்டியது, கறுப்பு, கரடுமுரடு. ஆங்கிலேயர் சுருட்டுக்கு வைத்திருக்கும் 'செரூட்' என்ற பெயர் நம் தமிழ்ச்சொல்லிலிருந்தே போனது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். நம் ஊர்ச் சாம்பலுக்கு அத்தனை பெயர்!

அதன் புகை எழுந்ததும் எங்களுக்குத் தொண்டை அடைத்தது. புகையினால் மட்டுமன்று. பொன்மலைக் குடியிருப்பின் வாசற்படியில் எங்கள் தந்தையார் உட்கார்ந்திருப்பார். பணிமனையிலிருந்து வந்து, கைகால் கழுவி, ஒரே ஒரு சுருட்டு. அது எரியும் வரை யாரும் பேசக்கூடாது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வேண்டுமானாலும் சாம்பல் விழும் வரை காத்திருக்க வேண்டும். எங்கள்மேல் தீராத கோபம் என்றே சிறுவயதில் எண்ணினோம். வளர்ந்தபின், கடன்கவலை என்று எண்ணினோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு எங்களை வடக்கே அழைத்து வந்து தேர்வெழுத வைத்தவர் மாமாதான். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அந்தப் படியில் தந்தையாருடன் அமர்ந்தவரும் அவரே. எனவே கேட்டோம்: "அப்பா அந்த நேரத்தில் என்னதான் நினைத்துக்கொண்டிருப்பார், மாமா?"

மாமா சாம்பலைத் தட்டாமல் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஒருநாள் இதையேதான் கேட்டேன், தம்பி. 'சங்குதான் ஊதியாச்சே, இனி என்ன நினைக்கணும்?' என்றான். ஒன்றும் நினைக்கமாட்டான். உன் அப்பனுக்கு நாள்முழுதும் சுத்தியல் சத்தம். அந்த அரைமணி அவனுக்குச் சும்மா இருக்க வேண்டும். சுருட்டு ஒரு சாக்கு."

கோபமும் இல்லை, கவலையும் இல்லை. முப்பது ஆண்டுகளாக நாங்கள் சுமந்தது ஒன்றுமில்லாத ஒன்றை! எங்கள் இல்லாள் எதுவும் பேசாமல் இன்னொரு தம்ளரில் இரண்டு விரற்கடை விஸ்கி ஊற்றித் தண்ணீர் சேர்த்து இந்தப் பக்கம் நகர்த்தினாள். "இன்று ஒருநாள்தான்" என்று மட்டும் சொன்னாள். கீழே மலைப்பாதையில் கடைசி வண்டியின் விளக்கு ஒன்று, மரங்களிடையே மறைந்து மறைந்து ஏறிக்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு எட்டாமற் போகும்வரை நால்வரும் வாய்திறக்கவில்லை. மாமா மட்டும் பழக்கதோஷத்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நிற்க. கார்த்திகை பிறந்ததும் மாமா திருச்சிக்குப் புறப்பட்டுவிட்டார். இரண்டாவது கியூபாச் சுருட்டை எங்களிடமே விட்டுச் சென்றார். தூக்கி எறியச் சொன்னார். எங்கள் இல்லாள் எறியவில்லை. ஒரு பிஸ்கோத்துத் தகரத்தில், ஈரத்துணி படாமல் ஓரமாக வைத்து, மூடி வைத்திருக்கிறாள். மெல்ல மெல்லத்தான் ஈரம் ஏற்ற வேண்டுமாம். அவசரப்பட்டால் இலை வெடிக்குமாம். நேற்று எடுத்து அழுத்திப் பார்த்தோம், சலசலப்புக் குறைந்திருக்கிறது. பொங்கலுக்குத் திருச்சி போகப் பயணச்சீட்டு வாங்கியாயிற்று. அந்தத் தகரமும் உடன் வருகிறது.