வெட்டப்பட்ட காட்சி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை. பேரையூரில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா, ஏழாம் வகுப்பு படிக்கும் தங்கை, நான் ஆகிய ஐவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். முன்பு அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணப் பெட்டி அது, இன்றும் உழைக்கிறது. கிராமத்து இளைஞன் ஒருவனைப் பற்றிய படம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய மனிதர் ஒருவர் அவனை நிறுத்தி ஏதோ சொல்கிறார். உதடு அசைகிறது, ஓசை இல்லை. அடுத்த நொடி காட்சியே தாவுகிறது. இளைஞன் கையில் அரிவாள்!

"ஏய்யா, பொட்டி ரிப்பேராப் போச்சா?" என்றாள் அப்பத்தா.

"எதுக்குடா திடீர்னு அருவாளத் தூக்குறான்? கிறுக்குப் பய!" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தை நண்பனின் கைபேசியில் முழுமையாகப் பார்த்தவன் நான். அவன் கிறுக்கன் அல்லன். அவன் தகப்பனைச் சாதி சொல்லி இழித்துரைக்கும் சொற்கள் அங்கே இருந்தன. அரிவாளை விட்டுவிட்டு, அதைத் தூக்க வைத்த சொல்லை வெட்டிவிட்டார்கள். விளைவு இருக்கிறது, காரணம் இல்லை.

தணிக்கை நம் நாட்டுக்குப் புதிதன்று. வெள்ளையர் ஆட்சியில் 1918-லேயே அதற்குச் சட்டம் வந்தது. 1939-இல் வெளிவந்த 'தியாக பூமி'யை அந்த அரசு தடை செய்தது. விடுதலைக்குப் பின் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. முன்தணிக்கை செல்லும் என்று 1970-இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம்தான் 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படத்தின் வழக்கில், போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

சின்னத்திரைக்கோ கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். 'ஏ' சான்று பெற்ற படத்தை அப்படியே ஒளிபரப்ப இயலாது. வெட்டித் திருத்தித் தனிச் சான்று பெற வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 'யுஏ' படங்களை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்துள்ளது. இதை நான் வரவேற்கிறேன். அன்று என் தங்கையும் அருகில்தான் இருந்தாள். பிள்ளைகள் பார்க்கக் கூடாதவை உண்டு என்பதை எவரும் மறுக்க மாட்டார். ஆனால் அரிவாள் வீச்சைப் பார்க்கலாம், அதற்குக் காரணமான அவமானத்தைக் கேட்கக் கூடாது என்றால், அது பிள்ளைகளைக் காப்பதாகுமா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்கிறோம். கரைசலை வடிகட்டினால் தாளில் வீழ்படிவு தங்கும். பார்ப்பதற்கு அது வெறும் கசடு. ஆனால் அதைச் சோதித்தால்தான் உப்பில் உள்ள உலோகம் எதுவென்று தெரியும். கசடென்று கழுவி ஊற்றியவன் விடையையும் சேர்த்தே ஊற்றிவிடுகிறான்.

அன்றிரவு தங்கை உறங்கிய பின், வெட்டப்பட்ட காட்சியை அப்பாவுக்குச் சொன்னேன். அந்தச் சொற்களை அவர் முன் உச்சரிக்க நா எழவில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கு உன் வயசு இருக்கும். கூலி வேலைக்குப் போன ஊர்ல, டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாசு வச்சிருந்தாங்க. குடிச்சிட்டு நாமளே கழுவி வைக்கணும்."

இருபது ஆண்டுகளாக அவர் என்னிடம் சொல்லாத செய்தி அது. பிள்ளை படிக்கிறான், அவன் மனம் நோகக் கூடாது என்று தன் வாழ்விலிருந்து அவரே வெட்டி வைத்திருந்த காட்சி!

"அப்ப அந்தப் பய கிறுக்கன் இல்லடா" என்றார், எழுந்து போகும்போது.

நண்பர்களே! அருவாளைத் தூக்கு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் கையில் இருப்பது பேனா. கேட்பதெல்லாம் இதுதான்: வயதைக் குறிப்பிடுங்கள், இரவில் நேரம் ஒதுக்குங்கள், ஆனால் எங்கள் கதையிலிருந்து காரணத்தை வெட்டாதீர்கள். காரணம் தெரியாமல் பார்ப்பவனுக்கு, அடிபட்டவனெல்லாம் கிறுக்கனாகத்தான் தெரிவான்.