வீடு வாங்கலாம், வயல் வாங்கக் கூடாது

வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தை அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பக்கத்தில் கிணறு, பின்னால் பச்சை வயல். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசலாற்றங்கரைக் கிராமம். படத்துக்குக் கீழே பங்காளித் தம்பி எழுதியிருந்தார்: "அண்ணே, வீடும் பின்னாடி இருக்கிற ரெண்டு மா நிலமும் சேத்து வருது. பெரியப்பா பொறந்த தெரு. விட்டுடாதீங்க."

பெரியப்பா என்று தம்பி சொன்னது அவருடைய அப்பாவை. 1936இல், ஆறு வயதுப் பையனாக, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, லயத்து வீட்டிலேயே வாழ்ந்து முடித்தார். திரும்பி வரவே இல்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர் வரும் நாள், அறுவடை முடிந்த வயலின் வாசம் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். குத்தகைக்கு உழுத தாத்தா, ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாமல்தான் கப்பல் ஏறினார் என்பதையும் சொல்லியிருக்கிறார்.

மகனுக்கு அப்போது 62 வயது. கிள்ளான் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அரசு ஊழியராக இருந்ததால் அங்கே அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் வைத்தியம். மகள் கோலாலம்பூரில், மகன் ஜொகூரில். இனி மிச்சக் காலத்தை அப்பாவின் ஊரில் கழித்தால் என்ன என்ற எண்ணம் அந்தப் படத்தைப் பார்த்த நாளில்தான் ஆசையாக மாறியது.

படத்தை மனைவியிடம் காட்டினார். அவர் ஒரு தொழிற்சாலையில் 30 வருடம் கணக்கு எழுதியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாங்கப்போற பணம் என் சேமநிதிப் பணம். அதையும் ஞாபகம் வச்சுக்குங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடுத்த சில வாரங்கள் காகிதம் தேடுவதிலேயே போயின. அப்பா பிறந்த ஊராக இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர் மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாட்டவர். சுற்றுலா விசாவில் வந்து இந்தியாவில் வீடு வாங்கிவிட முடியாது. அதற்கு ஓசிஐ அட்டை வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது அது. வாழ்நாள் விசா போல. குடியுரிமை ஆகாது, ஓட்டுரிமையும் கிடையாது. பெற்றோர், பாட்டன் பாட்டி, கொள்ளுப்பாட்டன் வரை யாராவது இந்தியாவைச் சேர்ந்தவர் என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

அப்பாவின் பழைய பிஸ்கட் டின்னில் அந்தக் காகிதம் கிடைத்தது. மடிப்பில் கிழிந்து, பழுப்பேறி, ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக. மனைவியின் தாத்தா சேலம் பக்கம் என்பார்கள். ஆனால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கடைசியில் திருமணச் சான்றிதழை வைத்து, ஓசிஐ அட்டைதாரரின் மனைவி என்ற வழியில் அவருக்கு அட்டை வந்தது. கல்யாணம் முறிந்தால் அந்த அட்டையும் செல்லாது என்று தெரிந்ததும் மனைவி சொன்னார்: "பணம் என்னோடது, பாட்டன் மட்டும் உங்களோடது. இனிமே சண்டை போட்டாலும் பாத்துத்தான் போடணும்."

அட்டைகளோடு திருச்சியில் வந்து இறங்கினார்கள். கும்பகோணத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார்கள். அவர் படத்தைப் பார்த்த உடனேயே வயலின் மேல் விரலை வைத்தார்.

"வீடு வாங்கலாம் சார். கடைகூட வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு, இந்த மூணும் ஓசிஐ வச்சிருக்கவங்க காசு கொடுத்து வாங்க முடியாது. இங்க இருக்கிற சொந்தக்காரர்கிட்ட இருந்து வாரிசா வந்தா வச்சுக்கலாம்."

வாரிசாக வருவதற்கு அந்த வயல் எப்போதும் அவர்கள் குடும்பத்துடையதாக இருந்ததில்லையே. வீட்டின் சொந்தக்காரரோ இரண்டையும் பிரித்து விற்கத் தயாராக இல்லை.

அன்று மாலை பங்காளித் தம்பி ஒரு வழி சொன்னார். "நிலத்தை மட்டும் என் பேர்ல எழுதிக்குவோம்ணே. காசு உங்களது, வயலும் உங்களது. ஊர்ல நடக்காததா?"

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் வழக்கறிஞர் தலையை ஆட்டினார். "அதுக்குப் பேர்தான் பினாமி. 1988லயே சட்டம் இருக்கு. 2016இல திருத்தி இன்னும் கடுமையாக்கிட்டாங்க. ஒரு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரை ஜெயில், சந்தை மதிப்புல கால் பங்கு வரை அபராதம், சொத்தையும் எடுத்துக்குவாங்க. நாளைக்கு இது என் காசுல வாங்கினதுன்னு நீங்க கோர்ட்டுக்கும் போக முடியாது."

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தாவால் சொந்தமாக்க முடியாத மண். கையில் பணம் இருந்தும் பேரனாலும் முடியாது. தம்பி பெயரில் இருந்தால்தான் என்ன, சொந்த ரத்தம்தானே என்று மனசு வாதாடியது.

"நாளைக்கு அவரோட பிள்ளைங்க, இது எங்க அப்பா நிலம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" இருட்டில் மனைவி கேட்டார்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லை."

"அவர் இல்லை. நான் பிள்ளைங்களைச் சொல்றேன். நிலம் போனா போகட்டும். அதோட அந்தத் தம்பியும் போயிடுவாரே. இந்த ஊர்ல உங்களுக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தானே?"

மறுநாள் தம்பியிடம் வேண்டாம் என்று சொன்னபோது, அவர் முகம் சுருங்கியது. "என்மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றார். அதன்பிறகு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம்கூட வரவில்லை.

வீடு வாங்கும் பேச்சை மனைவி அத்துடன் முடிக்கவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். "முதல்ல வாடகைக்கு இருந்து பாப்போம். மழையில ரெண்டு மாசம், வெயில்ல ரெண்டு மாசம். லீவுக்கு வர்ற ஊரு வேற, குடியிருக்கிற ஊரு வேற."

ஐப்பசியில் வந்தார்கள். கும்பகோணத்தில் ஒரு மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது. இறங்கிப் போனால் மகாமகக் குளம், முக்கில் டிகிரி காபி. அவர் காலையில் நடக்கக் கிளம்பும்போதே ஊர்க்காரராக ஆகிவிட்ட மிடுக்குடன்தான் கிளம்புவார். ஆனால் வாயைத் திறந்ததும் ஆட்டோக்காரர் கட்டணத்தை ஏற்றிவிடுவார். தெருவில் அவருக்குப் பெயரே 'மலேசியாக்காரர்'. அங்கே பள்ளிக்கூடத்தில் 'தமிழ் வாத்தியார்' என்று கூப்பிடப்பட்டவருக்கு அது என்னவோ போல் இருந்தது.

மனைவிக்கு அந்தச் சங்கடமே இல்லை. அவர் எந்த வேரையும் தேடி வரவில்லை. காய்கறிக்காரம்மா "எந்த ஊரும்மா?" என்று கேட்டபோது "கிள்ளான்" என்றார். "கிள்ளானா? அது சீர்காழி தாண்டியா?" என்று அந்தம்மா கேட்க, இருவரும் சிரித்ததில் ஒரு சிநேகம் பிடித்துக்கொண்டது. இரண்டே வாரத்தில் எதிர்வீட்டிலிருந்து குழம்பு வந்தது. இங்கிருந்து பாத்திரம் காலியாகத் திரும்பவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் தம்பியின் வீட்டில் ஒரு விசேஷம். அழைப்பு வந்தது, முகத்துக்காகத்தான் வந்தது என்று தெரிந்தாலும் போனார்கள். மழை விடவில்லை, இரவு அங்கேயே தங்கினார்கள். நள்ளிரவுக்கு மேல் மனைவிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஈரக் காற்று. மாத்திரைப் பை கும்பகோணத்து வீட்டில். கிராமத்துச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர்.

தம்பிதான் ஓடினார். நாலு வீடு தள்ளிக் கதவைத் தட்டி ஒரு காரை எடுத்துவந்தார். பத்து நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போய்விடுகிற கிள்ளான் வாழ்க்கை, அந்த முக்கால் மணி நேரப் பயணம் முழுக்க அவர் கண்முன் வந்து நின்றது. மருத்துவமனையில் மருந்துப் புகை பிடிக்க வைத்து, விடிகாலையில் மூச்சு சீரானது. வெளியே பெஞ்சில் ஈர வேட்டியுடன் தம்பி உட்கார்ந்திருந்தார். போய்விட்டு வாப்பா என்று எத்தனை தடவை சொல்லியும் போகவில்லை.

"அண்ணிக்குச் சரியாகட்டும்ணே" என்றார். அவ்வளவுதான். நிலத்தைப் பற்றி அதன்பிறகு இருவரும் பேசவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு கணக்கே மாறியது. ஓட்டு வீடு, திண்ணை, கிணறு எல்லாம் படத்தோடு நின்றன. மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும், படி ஏறக் கூடாது, மழைத் தண்ணீர் நிற்காத தெருவாக இருக்க வேண்டும் என்று மனைவி ஒரு பட்டியல் போட்டார். 60 வயதுக்கு மேல் இங்கே மருத்துவக் காப்பீடு எடுப்பதென்றால் பிரீமியம் அதிகம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வேறு. அதனால் வைத்தியத்துக்கென்று ஒரு தொகையைத் தனியே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கான பணத்தைத் தொடுவது என்று முடிவானது.

கிள்ளான் வீட்டை விற்பதில்லை என்பதும் முடிவானது. மகள் போனில் "அங்கேயே தங்கிட்டா உங்களை யாருப்பா பாத்துக்குவா?" என்று அழுதது ஒரு காரணம். செலவில்லாத வைத்தியம் அங்கேதான் என்பது இன்னொன்று. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிக் கணக்கில் இங்கே வசிப்பவராகிவிடுவார்கள் என்று ஆடிட்டர் சொன்னது மூன்றாவது. நாலு மாதம் இங்கே, எட்டு மாதம் அங்கே என்று வைத்துக்கொண்டார்கள்.

கத்திரி வெயிலில் மறுபடியும் வந்தார்கள். வெயிலைத் தாங்க முடியவில்லை, ஆனால் தாங்கினார்கள். அப்போது தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று அமைந்தது. விற்பவர் பாதியை ரொக்கமாகக் கேட்டார். முடியாது என்றார்கள். ஓசிஐ அட்டைதாரர் வீட்டுக்கான பணத்தை வங்கி வழியேதான் கொண்டுவர வேண்டும். நாளைக்கு வீட்டை விற்று, பணத்தை மலேசியாவுக்குத் திருப்பி அனுப்பும்போது, அது வங்கி வழியே வந்த சான்றைத்தான் கேட்பார்கள். அந்த வீடு கைநழுவியது. அதற்கு அடுத்த தெருவில் இன்னொன்று கிடைத்தது. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, சொத்துவரி ரசீது என்று ஒவ்வொன்றையும் வழக்கறிஞர் பார்த்து முடிக்க ஒரு மாதம் ஆனது. முன்பே பான் அட்டைக்கு விண்ணப்பித்திருந்ததால் அந்த அலைச்சல் இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம். பத்திரத்தில் மனைவியின் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது. இருவர் பெயருக்குப் பக்கத்திலும் 'மலேசியக் குடியுரிமை'. அவர் தன் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயர் வந்த வரியை இரண்டு தடவை படித்தார். கைரேகை வைக்கும்போது மனைவி மெதுவாகக் கேட்டார்: "வயல் இல்லையேன்னு இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர்.

கிராமத்து வீட்டையும் நிலத்தையும் உள்ளூர்க்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். அந்த இரண்டு மாவையும் இப்போது குத்தகைக்கு உழுவது பங்காளித் தம்பி.

தை கடைசியில் அறுவடை முடிந்து, ஒரு மூட்டைப் புது அரிசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் வந்தார். வாசலில் இறக்கிவைத்து, "பெரியப்பா ஊரு அரிசிண்ணே" என்றார். மூட்டையை அவிழ்த்து, ஒரு கை அள்ளி முகர்ந்தார் இவர். எதுவும் சொல்லாமல் மறுபடியும் அள்ளினார்.

மனைவி உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார்.

"என்ன அண்ணி, சொந்தக்காரங்ககிட்ட காசு வாங்குறதா?"

"வாங்கிக்குங்க தம்பி. அப்பத்தான் வருஷா வருஷம் கூச்சமில்லாம கேக்கலாம்."

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எண்ணிப் பார்க்காமல் வாங்கி மடியில் செருகிக்கொண்டு, மூட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார்.