விருந்தும் பேக்பேக்கும் மூணு நாள்!

முதுகுல ஒரு பை, கையில பாஸ்போர்ட், பாக்கெட்டுல கொஞ்சூண்டு காசு... இந்த கெட்டப்புல ரெண்டு மாசம் வெளிநாடு சுத்தணும்னு ஆசைப்படாத காலேஜ் ஸ்டூடன்ட் உண்டா? எப்படிக் கிளம்பணும்னு கேட்டா கேன்டீன்ல ஆளாளுக்கு டிப்ஸ் கொடுப்பாங்க. எப்படி முடிக்கணும்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. விஷயமே அங்கதான் இருக்கு பாஸ்!

இப்படி வெச்சுக்குவோம். ஹனோயில் தொடங்கி, வியட்நாமைச் சுற்றி, லாவோஸில் சில வாரம் அலைந்துவிட்டு, தாய்லாந்து வழியாகத் திரும்புகிறீர்கள். பாங்காக்கில் இருந்து சென்னைக்கு விமானம். இன்னும் ஒரே வாரம்தான் பாக்கி. உடம்பு அங்கே, மனசு அம்மா வைக்கிற ரசத்தில்! முதல் வாரம் ஒவ்வொரு புத்தர் கோயிலையும் வாயைப் பிளந்து பார்த்த அதே ஆள், இப்போது 'இன்னொரு கோயிலா?' என்று ஹாஸ்டல் கட்டிலில் புரண்டு படுப்பார். காசு கரைந்திருக்கும், கூடவே கவனமும் கரைந்திருக்கும். சொதப்பல்கள் வரிசை கட்டி வருவது இந்த நேரத்தில்தான்.

எல்லையிலேயே கணக்கை முடிங்க

லாவோஸின் லுவாங் பிரபாங்கில் இருந்து தாய்லாந்து எல்லைக்கு மெகாங் ஆற்றில் படகு இருக்கிறது. ஆமை வேகம்! இரண்டு நாள் பிடிக்கும். நடுவில் பாக்பெங் என்ற சின்ன ஊரில் ஓர் இரவு. முடிவில் ஹுவாய் ஸாய். அங்கிருந்து 2013 டிசம்பரில் திறந்த நட்புப் பாலத்தைத் தாண்டினால் தாய்லாந்தின் சியாங் காங். பாலம் ஏறும் முன் பர்ஸைத் திறந்து பாருங்கள். லாவோஸ் பணமான கிப்பை அந்த நாட்டுக்கு வெளியே மாற்றுவது குதிரைக்கொம்பு. மிச்சம் இருந்தால் அங்கேயே ஒரு சூப் நூடுல்ஸாக மாற்றி வயிற்றில் போட்டுவிடுங்கள். ஞாபகத்துக்கு ஒரே ஒரு நோட்டு போதும்.

அடுத்து பஸ் பிடித்து சியாங் மாய். அங்கிருந்து பாங்காக்குக்கு 751 கிலோமீட்டர், ராத்திரி ரயில். பழைய கைடு புத்தகத்தை நம்பி, 1916-ல் திறந்த ஹுவா லம்போங் ஸ்டேஷனில் இறங்கலாம் என்று கனவு காணாதீர்கள். 2023 ஜனவரியில் இருந்து இந்த ரயில்கள் நிற்பது பாங் சூ பகுதியில் இருக்கும் புது ஸ்டேஷனில். கீழேயே மெட்ரோ உண்டு.

தேதி முக்கியம் மச்சி!

இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து 2024 ஜூலையில் அறிவித்தது. இந்த மாதிரி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சீனியர் சொன்ன கணக்கு அவரோடு போச்சு. உங்கள் பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் தேதிதான் உங்கள் கணக்கு. அதைத் தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். அதாவது, நீங்களாகவே விமான நிலையத்தில் போய் நின்றால் இது. அதற்கு முன் வெளியே பிடிபட்டால், ஐந்து வருஷம் அந்த நாட்டுப் பக்கமே தலைவைக்க முடியாது.

இன்னொரு பொறி, நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் 15-ம் தேதி 00.15 மணி என்றால், நீங்கள் கிளம்ப வேண்டியது 14-ம் தேதி சாயங்காலம். 15-ம் தேதி ராத்திரி போய் நின்றால் கவுன்ட்டரில் 'உச்' கொட்டத்தான் ஆள் இருக்கும்.

சும்மா இருக்க மூணு நாள்

விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள் நம் ஊரில். பேக்பேக் பயணத்தின் கடைசிக்கும் அதே மூணு நாள் கணக்குதான். பட்டாயா, புக்கெட் என்று கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். பாங்காக்கிலேயே இருங்கள்.

பேக்பேக்கர்களின் தலைநகரமான கௌ சான் ரோடு, பெயரிலேயே அரிசி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் அரிசி வியாபாரத் தெரு! அங்கிருந்து பொடிநடையாகப் போனால், சுமார் 21 மீட்டர் உயரத்தில் சிவப்பாக ஒரு ராட்சத ஊஞ்சல் சட்டம். முன்பு அதில் ஆடிய விழாவுக்குப் பெயர் திரியம்பாவாய். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம திருவெம்பாவையேதான்! ஊஞ்சலாட்டம் 1935-ல் நின்றுபோனது. பக்கத்தில் இருக்கும் பிராமணர் கோயில் இன்றும் இருக்கிறது.

மறுநாள் சாவ் பிரயா ஆற்றில் படகு ஏறி சாத்தோர்ன் துறையில் இறங்குங்கள். சீலோம் சாலையில், 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் 'வாட் கேக்'. வாட் என்றால் கோயில். கேக் என்ற சொல் நம்மைப் போன்றவர்களைக் குறிக்கும். அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: விருந்தாளி! ரெண்டு மாசமாக நீங்கள் அந்த மண்ணில் யாராக இருந்தீர்களோ, அதே பெயர். 'இன்னொரு கோயிலா?' என்று சலித்த மனசு இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

பையைக் கொட்டுங்க

மூணாவது நாள், பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுங்கள். வாங்கிய புத்தர் சிலையா? ஏற்றுமதிக்கு அந்த நாட்டு நுண்கலைத் துறை அனுமதி வேண்டும். 'ஊர்ல என் ஃப்ரெண்ட் வந்து வாங்கிப்பான்' என்று யாராவது பார்சல் நீட்டினால், எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒரே பதில்: நோ! உள்ளே கஞ்சா இருந்தால், நம் ஊரில் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி, அளவைப் பொறுத்து 20 வருஷம் வரை கம்பி எண்ணலாம். பை உங்கள் கையில் இருந்தால், கேள்வியும் உங்களிடம்தான்.

அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்பார்கள், 'டூர் எப்படி?' நீங்கள் 'சூப்பர்' என்பீர்கள். அவர்கள் செமஸ்டர் ரிசல்ட் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். நூறு தடவை 'சூப்பர்' சொன்னால் பயணம் அந்த ஒரு வார்த்தைக்குள் சுருங்கிவிடும். அதற்கு முன்னாடி எழுதுங்கள். படகில் ஆரஞ்சை உரித்து நீட்டிய பாட்டி, பாஷையே தெரியாமல் வழி சொன்ன பையன், தனியாக அழுத ராத்திரி... போட்டோவில் விழாததை மட்டும் எழுதினால் போதும்.

காசு தீர்ந்து, சட்டை கிழிந்து, கடைசி நாள் வரை கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்தான் முழுசாக ஊர் சுற்றியவர். விருந்தாளிக்கு அழகு, 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்' என்று வீட்டுக்காரர் சொல்லும்போதே கிளம்புவது. அப்பதானே அடுத்த தடவையும் கூப்பிடுவாங்க!