பறிமுதலில் உள்ள 'பறி'

வழிப்பறி, பறிமுதல் இரண்டுக்கும் வினையடி ஒன்றே. சொத்துக்குவிப்பு வழக்கில் பறிமுதலான ஜெயலலிதாவின் நகைகளை, 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றம் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைத்தபோது அது நினைவுக்கு வந்தது.

இத்தகைய சொத்தில் ஒரு பங்கைக் காவல்நிலையங்களுக்கே தரலாமே என்றார் விடுதி நண்பர். ஒழுகும் கூரையின்கீழ் எழுதும் காவலரைக் கண்டிருந்ததால் நானும் உடன்பட்டேன். பின்னர் அமெரிக்க நடைமுறையைப் படித்தேன். அங்கே பல மாநிலங்களில், கைப்பற்றும் காவல்துறைக்கே பணத்தில் பங்குண்டு; குற்றம் நிரூபிக்கப்படாதோரும் பொருளை இழந்திருக்கின்றனர்.

நம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவோ, குற்றத்தில் ஈட்டிய சொத்தைப் பாதிக்கப்பட்டோருக்குப் பகிர்ந்தளிக்க வழிசெய்கிறது, எஞ்சியது அரசுக்கு.

கூரைக்கான நிதியை வரவுசெலவுத் திட்டம் தரட்டும். பறிக்கும் கையே பயனும் பெற்றால், அவ்விரு சொற்களுக்கும் இடையே எஞ்சுவது சீருடை மட்டுமே.