மாமா, ஸ்பிரிங்கா... கேஸா... பி.சி.பி-யா?

அக்கா மகளுக்கு 13 வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லடம் பக்கம் அப்புச்சியின் தோட்டத்துச் சாளையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அறிவித்தாள்: "நான் ஏர் ரைஃபிள் கத்துக்கப் போறேன். துப்பாக்கி மாமாதான் வாங்கித் தரணும்."

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனின் வீடியோக்களை அவள் யூடியூபில் விடாமல் பார்ப்பது எனக்குத் தெரியும். காதுகுத்து முதல் கல்யாணச் சீர் வரை கொங்கு நாட்டுத் தாய்மாமனுக்கு எத்தனையோ செலவு. அந்தப் பட்டியலில் துப்பாக்கியும் வரும் என்று மட்டும் நினைக்கவில்லை!

அப்புச்சி ஒரு யோசனை சொன்னார். "வாங்கறது வாங்கற, நல்லா வேகமா அடிக்கறதா வாங்கு கண்ணு. இந்த மயிலுகளுக்கும் ஆகுமில்ல. தக்காளி நாத்து ஒண்ணு மிச்சமில்ல."

நான் பதில் சொல்லவில்லை. அந்தச் சாளையின் பரணில் ஒரு பழைய ஏர் கன் கிடந்த காலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் மருமகளைக் கோவையில் ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். பயிற்சியாளர் மூன்று துப்பாக்கிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். மூன்றுமே காற்றால்தான் ரவையைத் தள்ளுகின்றன. காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலாவது ஸ்பிரிங். திருவிழாவில் பலூன் சுடுவோமே, அதே வகை. குழாயை மடக்கினால் உள்ளே இரும்புச் சுருள் அழுந்தி நிற்கும். விசையை இழுத்ததும் சுருள் பிஸ்டனை முன்னால் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், காற்று ரவையைத் தள்ளும். விலை சில ஆயிரங்களில் தொடங்கும். பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். ஆனால், ரவை குழாயை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் ஓட்டத்தில் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறிவிடும். இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, லேசாகத் தாங்கிப் பிடிக்கப் பழக வேண்டும்.

இரண்டாவது கேஸ். அடுப்படி சிலிண்டரோடு இதற்குச் சம்பந்தமில்லை. சுருளுக்குப் பதிலாக, நைட்ரஜன் அடைத்து மூடிய ஓர் உருளை. சில கார்களின் டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்துகிறதே, கிட்டத்தட்ட அந்த உருளைதான். சுருள் நாளடைவில் தளரும். இது அவ்வளவு சீக்கிரம் தளராது. 'டொய்ங்' என்ற அதிர்வும் குறைவு. ஆனால் உதறல் உண்டு. வாயு கசிந்துவிட்டால் உருளையையே மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது பி.சி.பி. காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைப்பது. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் போட்டியில் இன்று வீரர்கள் பயன்படுத்துவது இதைத்தான். சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப்போல கிட்டத்தட்ட நூறு மடங்கு! பஞ்சர் கடை கம்ப்ரஷரை விடுங்கள், போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியின் கம்ப்ரஷரே இருபது சொச்சம் பார்தான். அதனால் தனி கைப்பம்போ, உயரழுத்த கம்ப்ரஷரோ வேண்டும். ஈரக்காற்று போனால் உள்ளே துருப்பிடிக்கும். சிலிண்டருக்குக் காலாவதி ஆண்டும் உண்டு. வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கி என்றால் விலை லட்சங்களில்.

மருமகள் மூன்றிலும் சுட்டாள். ஸ்பிரிங்கில் அட்டையெங்கும் ஓட்டைகள். பி.சி.பி-யில் துப்பாக்கி அசையவே இல்லை. ஓட்டைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு என்று பயிற்சியாளர் சொன்னதும் அவள் கண்கள் விரிந்தன.

நான் அந்த ஸ்பிரிங் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு 12 வயதிருக்கும். பரணில் இருந்ததை யாருக்கும் தெரியாமல் இறக்கி, தென்னை மட்டை ஒன்றைக் குறிவைத்தேன். பக்கத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம். பயமுறுத்தத்தான் நினைத்தேன். விழுந்தது ஒரு குருவி. மற்றவை பறந்து போகவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்து வெகுநேரம் கத்திக்கொண்டே இருந்தன. மட்டையைக் குறிவைத்தது எப்படிக் குருவிமேல் பட்டது என்று இத்தனை வருடம் புரியவில்லை. உதறல்தான் காரணம் என்று இப்போது புரிந்தது. ஆனால், குருவிகள் இருந்த பக்கம் துப்பாக்கியை நீட்டியது நான்தானே!

4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்குள் விசையும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை. அதனாலேயே பலர் இதைப் பொம்மை என்று நினைத்துவிடுகிறார்கள். ஓர் உயிரைப் பறிக்க அந்த விசை போதும். மயில் நம் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை.

"எதை வாங்கட்டும் சார்?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க" என்றார் பயிற்சியாளர். "ஆறு மாசம் இங்க இருக்கிற பி.சி.பி-யில பழகட்டும். நிக்கறது, மூச்சு, விசை இழுக்கறது... இது மூணும் வந்த பிறகு வாங்கலாம். சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவணும் பாப்பா, ரவை ஈயம்."

மருமகளுக்கு முகம் வாடியது. எனக்கு நிம்மதி. பணம் மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல. துப்பாக்கி மையத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கும், தோட்டத்துக்கு வராது.

அன்று மாலையே அப்புச்சி போன் செய்தார். "வாங்கியாச்சா கண்ணு?"

"இல்லீங்க அப்புச்சி" என்று ஆரம்பித்து, தவிட்டுக்குருவிக் கதையை முதல்முறையாக அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அதனாலதான் அந்தத் துப்பாக்கிய எடைக்குப் போட்டேன்" என்றார். பிறகு, "மயிலுக்கு என்ன பண்றது?" என்றார்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். தக்காளிக் காட்டைச் சுற்றி அம்முச்சியின் பழைய சேலைகள் கட்டியிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மயில்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.