டின் காயும் உழவர் சந்தைக் கீரையும்

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் அறையில் காய்கறி என்றால் பெரும்பாலும் டின்தான். கொண்டைக்கடலை, பட்டாணி, தோலுரித்த தக்காளி. ராத்திரி வேலை முடிந்து வந்து, வெங்காயத்தை வதக்கி ஒரு டின்னைத் திறந்து கொட்டினால் குழம்பு தயார். உறையூரிலிருந்து அம்மா போனில், "செத்துப்போன காய்ப்பா அது. அதுல என்ன சத்து இருக்கப் போவுது?" என்பார். உடம்பைக் கெடுத்துக்கொண்டுதான் ஊருக்குப் பணம் அனுப்புகிறோமோ என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பயம்தான் என்னைப் படிக்க வைத்தது.

காயை முதலில் வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள். டின்னில் அடைத்து மூடியபின் ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கிறார்கள். பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகளை அழிக்க அவ்வளவு சூடு வேண்டும். வைட்டமின் சி-யும் பி1-உம் அந்தச் சூட்டில் சிதைந்தும் நீரில் கரைந்தும் பெருமளவு போய்விடுகின்றன. நார்ச்சத்து, தாதுக்கள், கரோட்டின் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீனோ சமைக்காத தக்காளியைவிட வெந்த தக்காளியிலிருந்துதான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது, அதுவும் கொஞ்சம் எண்ணெயோடு. அம்மா சொன்னதில் பாதி உண்மை.

மறுபாதி எனக்கே புதிது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2007-இல், ஃப்ரெஷ் காயையும் டின் காயையும் ஒப்பிடும் ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பறித்த பீன்ஸை 4 டிகிரி குளிரில் ஏழு நாள் வைத்தால் வைட்டமின் சி 77 சதவீதம் குறைந்துவிடுகிறது. பச்சைப் பட்டாணியில் 15 சதவீதம்தான். மலையில் பறித்து, லாரியேறி எங்கள் ஊர் காந்தி மார்க்கெட்டுக்கு வந்து, தெருக்கடையில் வெயில் பட்டு, பிறகு நம் வீட்டு ஃபிரிட்ஜிலும் நாள்கணக்கில் கிடக்கும் பீன்ஸை 'ஃப்ரெஷ்' என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. அதையும் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால், டின்னில் நடப்பதே நம் அடுப்பிலும் நடக்கிறது.

ஊர் திரும்பியபின் மொட்டைமாடியில் அம்மா சுண்டைக்காயை உப்பு மோரில் ஊறப்போட்டுக் காயவைப்பதைப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. வற்றலும் அதே பேரம்தான். வைட்டமின் சி-யைக் கொடுத்துவிட்டு, காய் கிடைக்காத மாதத்துக்கு நாரையும் தாதுக்களையும் சேமிக்கிறோம். கூடவே உப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்.

என்னைக் கேட்டால் டின்னிலும் பயப்பட வேண்டியது அந்த உப்புக்குத்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்தபின் எங்கள் வீட்டில் முதலில் குறைந்தது வற்றலும் ஊறுகாயும்தான். அவருக்கு அது பெரிய வருத்தம், எனக்கும்தான்.

இளம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீடுகளுக்குச் சொல்கிறேன்: டின் காய் தின்கிறான் என்று கலங்காதீர்கள். லேபிளில் சோடியம் அளவைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். டின்னிலுள்ள தண்ணீரை வடித்து, காயை ஒருமுறை அலசிச் சமைத்தால் உப்பு கணிசமாகக் குறையும். தினம் ஒரு ஆரஞ்சோ கொய்யாவோ சாப்பிட்டால் வைட்டமின் சி வந்துவிடும். உறையூரில் இருக்கும் நமக்குத் தென்னூர் உழவர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. கீரையையாவது வாங்கிய அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.